வான்கோழிக் கொட்டகையில் பிறந்த வண்டி

எங்க பக்கம் மண் தோண்டுற வண்டி எதைப் பார்த்தாலும் ஜேசிபிதான். அதே மாதிரி, குட்டையா, முன்னாடி ஒரு பக்கெட்டோட, நின்ன இடத்துலயே சுத்துற வண்டி எதுவானாலும் பாப்காட். சென்னை மாநகராட்சிக்காரங்க தெருவுல குப்பை அள்ளுறப்ப பார்த்திருப்பீங்க. ரெண்டுமே கம்பெனிப் பேருங்க. நம்ம வாயில வண்டிப் பேரா மாறிப்போச்சு.

என்கிட்ட இருக்கிறதும் அந்த வகைதான், ஆனா வேற கம்பெனி. பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் எங்க மாட்டுக் கொட்டகை. சாணி அள்ள, எரு ஏத்தன்னு நாலு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்டா வாங்கினேன். ஏதோ கட்டட சைட்டுல ஓடி ஓய்ஞ்ச வண்டி. போன ஐப்பசியில அதுக்கு வலது பக்கம் படுத்துக்கிச்சு. நேரா விட்டா வலது பக்கமா இழுத்துக்கிட்டே போகும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடாயிட்டா, பக்கெட் நிறைய எருவோட முன்னாடி நகரவே நகராது.

வந்து பார்த்த மெக்கானிக் "ஹைட்ராலிக் பம்ப் போச்சு சார், மாத்தியாகணும்"னு சொல்லி எஸ்டிமேட் கொடுத்தார். நான் வண்டி வாங்கின விலையில பாதிக்கு மேல. பழைய இரும்புக்காரர் ஒருத்தரும் வந்து கண்ணாலேயே எடை போட்டுட்டுப் போனார். வெளியில அடைமழை. முப்பத்தஞ்சு உருப்படி நிக்கிற கொட்டகை. அம்மாவும் என் சம்சாரமும் மண்வெட்டியும் கூடையுமா சாணி வாரிக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு வயசு அறுபத்தெட்டு. வண்டியை வித்துடலாம்னு ஏறக்குறைய முடிவே பண்ணிட்டேன்.

அந்த வண்டியைக் கடைசியில காப்பாத்தினது அதோட சரித்திரம்தான்னு சொன்னா சிரிப்பீங்க. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

இந்த வண்டி ரோடு போடுறவன் யோசிச்சதோ, சுரங்கக்காரன் யோசிச்சதோ இல்ல. சாணி அள்ள முடியாம தவிச்ச ஒரு விவசாயிக்காகப் பிறந்தது. அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல ராத்சேன்னு ஒரு சின்ன ஊர். அங்க சிரில் கெல்லர், லூயி கெல்லர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் பட்டறை வச்சிருந்தாங்க. வெல்டிங், விவசாய மெஷின் ரிப்பேர், நம்ம ஊர் லேத் பட்டறை மாதிரிதான். பக்கத்துல எடி வீலோன்னு ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர். அவர் கொட்டகை ரெண்டு தளம். உள்ள வரிசையா கம்பம். எச்சத்தை அள்ள டிராக்டரைக் கொண்டுபோனா கம்பத்துக்கு நடுவுல திரும்ப முடியாது, மேல்தளமும் அந்த எடையைத் தாங்காது. ஆளை வச்சுத்தான் வாரணும். "இதுக்கு ஒரு வழி பண்ணுங்கப்பா"ன்னு அவர் 1956-ல் கேட்க, 1957 பிப்ரவரியில கெல்லர் சகோதரர்கள் ஒரு மூணு சக்கர வண்டியைச் செஞ்சு கொடுத்தாங்க. முன்னாடி ரெண்டு சக்கரம் ஓட்டும். பின்னாடி ஒத்தைச் சக்கரம், நாற்காலிக் காலுல இருக்குமே, அந்த மாதிரி தன்னால திரும்பிக்கும்.

ஸ்டியரிங் கிடையாது. அதுதான் இதுல சூட்சுமமே. இடது சக்கரத்துக்கு ஒரு லிவர், வலது சக்கரத்துக்கு ஒரு லிவர். ஒண்ணை முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் தள்ளினா வண்டி பம்பரம் மாதிரி நின்ன இடத்துல திரும்பும். முதல்ல பெல்ட்டும் புல்லியும் வச்சு ஓட்டிப் பார்த்தாங்க, சரியா உழைக்கல. அப்புறம் கிளட்ச் வச்சு மாத்தினாங்க. வடக்கு டகோட்டாவுல க்வின்னர்ங்கிற ஊர்ல மெல்ரோ குடும்பத்தோட விவசாயக் கருவி கம்பெனி இருந்தது. 1958-ல் அவங்க இந்த வண்டியைத் தயாரிக்கிற உரிமையை வாங்கி, அண்ணன் தம்பியையும் வேலைக்குக் கூட்டிக்கிட்டாங்க. 1960-ல் பின்னாடி இருந்த ஒத்தைச் சக்கரத்தை எடுத்துட்டு நாலு சக்கரத்தையும் ஓட்டுற மாதிரி எம்-400 வந்தது. நாலு சக்கரமும் ஆடாம அசையாம நேரா நிக்கும்போது வண்டி எப்படித் திரும்பும்? டயர் தரையில தேய்ஞ்சு சறுக்கித்தான் திரும்பணும். ஸ்கிட் ஸ்டியர்ங்கிற பேரு அதனாலதான். டயர் விலை ஏன் நம்ம கழுத்தை அறுக்குதுன்னும் இப்பப் புரியுதா? 1962-ல்தான் பாப்காட்னு பேர் வச்சாங்க. அது அமெரிக்கக் காட்டுப்பூனை ஒண்ணோட பேரு.

அந்தக் கம்பெனி பல கை மாறி 2007-ல் கொரியாவோட டூசான் கைக்குப் போச்சு. 2019-ல் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே, கும்மிடிப்பூண்டியில ஒரு ஆலையும் திறந்தாங்க. முதல்ல அங்க செஞ்சது பேக்ஹோ லோடர். வான்கோழி எச்சத்துக்கும் நமக்கும் அவ்வளவுதான் தூரம்.

இதெல்லாம் நான் வண்டி வாங்கின புதுசுல படிச்சு வச்சது. படிச்சது வேலைக்கு ஆனது ஆவடிக்காரர் ஒருத்தராலதான். எங்ககிட்ட பால் வாங்குற வீட்டுக்குப் பெரியவர் அவர். ஆவடி எச்.வி.எஃப்.ல ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவர். 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிய வந்த தொழிற்சாலை அது. எண்பதுகளோட கடைசியிலேர்ந்து அஜேயாங்கிற டி-72-ம் அங்கதான் செஞ்சாங்க. ரெண்டுலயும் கை வச்சவர். ஒருநாள் கொட்டகைக்கு வந்தவர், ஓரமா நின்ன வண்டியைப் பார்த்துட்டு, "இது டாங்கி மாதிரி திரும்புற வண்டியாச்சே"ன்னார்.

நிஜம்தான். டாங்கிக்கும் திருப்புற சக்கரம் கிடையாது. ஒரு பக்க ட்ராக்கை மெதுவாக்கினா அந்தப் பக்கமா திரும்பும். 1916-ல் பிரிட்டிஷ்காரன் முதல் டாங்கியைச் சண்டைக்குக் கொண்டுவந்தப்ப அதை ஓட்டவே நாலு பேர் வேணும். ரெண்டு பக்கக் கியரை மாத்த மட்டும் தனித்தனியா ஆள். அந்த டாங்கிக்கு யோசனை கொடுத்ததுல ஒண்ணு அமெரிக்க விவசாயிங்க ஓட்டின ஹோல்ட் ட்ராக் டிராக்டர். வயல்லேர்ந்து போர்க்களத்துக்குப் போனதுதான், அப்புறம் மாட்டுக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்திருக்கு. டி-72-ல ரெண்டு பக்கமும் தனித்தனி கியர்பாக்ஸ். பெரியவர் சொன்னார், "தம்பி, இது ஒரு வண்டி இல்ல, ரெண்டு வண்டி. பாதி கெட்டுப்போனா, நல்லா இருக்கிற மீதிப் பாதிகிட்ட கேளு. எது சரி, எது தப்புன்னு அது சொல்லும்."

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரிவர்ஸ்ல எப்படிப் போகுது?"

அதுவரைக்கும் யாரும் கேட்கல. நானும் பார்க்கல. ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடாக்கி, எருக் குவியல்ல பக்கெட்டைக் குத்தி முன்னாடி தள்ளினோம். இடது சக்கரம் மண்ணைப் பறிக்குது, வலது செத்த மாதிரி கிடக்குது. பின்னாடி இழுத்துப் பார்த்தோம். ரெண்டு பக்கமும் ஒரே பலம்! பெரியவர் சிரிச்சுட்டார். பம்ப் தேஞ்சிருந்தா ரெண்டு திசையிலயும் பலம் குறையணும். மோட்டார் தேஞ்சிருந்தாலும் அப்படித்தான். முன்னாடி மட்டும் போகலைன்னா கோளாறு வேற எங்கயோ.

இப்ப வர்ற வண்டிங்கள்ல கிளட்ச் கிடையாது. இன்ஜின் ரெண்டு பம்பைச் சுத்தும், பம்ப் ஆயிலை அழுத்தி அந்தந்தப் பக்க மோட்டாருக்கு அனுப்பும், மோட்டார் செயினைச் சுத்தும், செயின் அந்தப் பக்கத்து ரெண்டு சக்கரத்தையும் சுத்தும். எங்க வண்டியில ஒவ்வொரு பம்புலயும் முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலீஃப் வால்வு இருக்கு. அழுத்தம் எல்லை மீறினா ஆயிலைத் திருப்பி விடுற குட்டி வால்வு. அது சரியா மூடலைன்னா பலமெல்லாம் அது வழியா ஒழுகிடும். சூட்டுல ஆயில் தண்ணியாட்டம் ஆனா இன்னும் மோசம்.

மறுநாள் வேலையை ஆரம்பிச்சோம். முதல்ல லிவர் லிங்கேஜ். வலது பக்க ராடு முழுசா முன்னாடி போகுதான்னு இடது பக்கத்தோட அளந்து பார்த்தோம், சரியா இருந்தது. அப்புறம் பக்கெட் கையைத் தூக்கி, லாக் கட்டையைப் போட்டு, இன்ஜினை நிறுத்தி, ஆற விட்டுட்டுத்தான் உள்ள கை வச்சோம். இதை மட்டும் யாரும் சோம்பேறித்தனப்படாதீங்க. கை மேல இருக்கும்போது லாக் இல்லாம கீழ போனவன் பொழைச்சா அதிர்ஷ்டம். ஆயில் ஒழுக்கைத் தேடுறப்பவும் ஹோஸ்ல விரலை வச்சுத் தடவாதீங்க, அட்டையைக் காட்டிப் பாருங்க. ஊசி முனை ஓட்டையில வர்ற ஆயில் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும்.

அந்த ரெண்டு வால்வையும் கழட்டி, சுத்தம்கூட பண்ணாம, இடம் மாத்திப் போட்டோம். சுத்தம் பண்ணிட்டா எதால சரியாச்சுன்னு தெரியாது இல்லையா? ஸ்டார்ட் பண்ணினா, இப்ப முன்னாடி ஜோரா போகுது, பின்னாடி செத்துக் கிடக்குது. அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கிட்டார்.

வால்வைப் பிரிச்சா உட்கார்ற இடத்துல மெல்லிசா ஒரு இரும்புத் துணுக்கு. சீட்டுல கீறலே விழுந்திருந்தது. அது எங்கேர்ந்து வந்ததுன்னு யாரைக் குறை சொல்ல? ரெண்டு வருஷமா ஆயில் ஃபில்டர் மாத்தாதது நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டுல கடை கடையா ஏறி அதே அளவு வால்வு ஒண்ணு தேடிப் பிடிச்சேன். ஃபில்டரும் புது ஆயிலும் சேர்த்தே எஸ்டிமேட்ல பத்துல ஒரு பங்கு ஆகல. பழைய ஆயிலை முழுசா வடிச்சோம், அடியில மினுமினுன்னு இன்னும் கொஞ்சம் தூள் இருந்தது. இப்போதைக்கு இருநூறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டரை அறுத்துப் பார்த்துக்கிட்டு வரேன். தூள் கூடிச்சுன்னா அன்னிக்குப் பம்பைப் பத்தி யோசிக்கணும்.

அந்த மெக்கானிக்கையும் குத்தம் சொல்ல மாட்டேன். சூட்டுல பலம் குறைஞ்சா பத்துக்கு ஏழு தடவை பம்ப்தான்னு அவர் அனுபவம் சொல்லியிருக்கும்.

வேலை முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் பெரியவரையே சீட்டுல உட்கார வச்சோம். முதல்ல கொஞ்சம் தயங்கினார். அப்புறம் ஒரு லிவரை முன்னாடி, ஒண்ணைப் பின்னாடி தள்ளினார். சாணி தெறிக்கத் தெறிக்க வண்டி நின்ன இடத்துலயே மூணு சுத்து சுத்திச்சு. அம்மா முந்தானையால முகத்தை மூடிக்கிட்டுத் திட்டுறாங்க. அவர் இறங்கி வந்து சொன்னார்: "டி-72 இப்படிச் சுத்தாது தம்பி. அது ஒரு ட்ராக்கை நிறுத்திட்டு அதைச் சுத்தித்தான் வரும். உன் சாணி வண்டி சுத்துது பார்!"