மடிக்காத நோட்டு

இன்னைக்கு எபிசோட் ராமநாதபுரம் பக்கத்துல, பெரியபட்டினத்துல ஆரம்பிக்குது. 1987-ல இங்க அகழாய்வு பண்ணினப்போ சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமா கிடைச்சது. 1340-கள்ல இபுன் பதூதா வந்து தங்கின 'பத்தன்' துறைமுகம் இதுதான்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க.

அதே இபுன் பதூதா பிறகு சீனாவைப் பத்தி எழுதும்போது ஒரு விஷயம் சொல்றார். அங்க கடைத்தெருவுல தங்கம், வெள்ளி செல்லாது. உள்ளங்கை அளவு காகிதம், அதுல அரசனோட முத்திரை, அதுதான் பணம். கிழிஞ்சா ஒரு அலுவலகத்துல கொடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கலாம், காசே கிடையாதாம். அதாவது கிழிசலும் புதுசும் ஒரே மதிப்பு. பணம்னா அப்படித்தானே இருக்கணும்?

ஆனா சேகரிப்பாளர் கையில அந்தக் கணக்கு தலைகீழ்.

1959-ல ரிசர்வ் வங்கி ஹஜ் யாத்ரீகர்களுக்குன்னே தனி நோட்டு அச்சிட்டது. 10 ரூபாய், 100 ரூபாய் மட்டும். 'எச்ஏ' வரிசை எண், பத்து ரூபாய் நீல நிறம். இந்தியாவுக்குள்ள செல்லாது. அப்போ வளைகுடாவுலயும் நம்ம ரூபாய்தான் புழங்கிச்சு. தங்கக் கடத்தலால அந்நியச் செலாவணி கரைஞ்சதால, அந்த நாடுகளுக்கும் அதே வருஷம் தனி நோட்டு வந்தது. இந்தக் கடற்கரையில இருந்து ஹஜ்ஜுக்கும் பிழைப்புக்கும் கடல் தாண்டிப் போன குடும்பங்கள் எத்தனையோ. அதனால பழைய டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் கவனமா திறங்க.

அப்படி ஒண்ணு கிடைச்சா, அது அசல்தானா, எந்த நிலையில இருக்குன்னு அடுத்தவங்க நம்பணுமே? அதுக்குத்தான் கிரேடிங். அமெரிக்காவுல 2005-ல தொடங்கின பிஎம்ஜி மாதிரி நிறுவனங்கள் நோட்டைச் சோதிச்சு, 70-க்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில மூடிக் கொடுக்கும். நடுவுல ஒரே ஒரு மடிப்பு இருந்தாலும் 60-ஐ எட்டாது. காகிதம் இயல்பா, கை வைக்காம இருந்தா 'ஈபிக்யூ'ன்னு கூடுதலா ஒரு குறிப்பு.

நம்ம நோட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஸ்டேப்ளர் ஓட்டை. வங்கிகள் ரொம்ப காலம் கட்டுக்கட்டா பின் அடிச்சுத்தான் கொடுத்தாங்க. அதனால புது நோட்டுலயே ஓட்டை இருக்கும். வெளியிடும்போதே விழுந்த ஓட்டைன்னு உறையிலயே குறிச்சுடுவாங்க, நியாயம்தான்.

எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல. நல்லெண்ணத்துல நோட்டைக் கழுவி, இஸ்திரி போட்டு, கிழிசலை டேப்பால ஒட்டி எடுத்துட்டு வர்றவங்க இருக்காங்க. பார்க்கப் பளிச்சுன்னு இருக்கும். ஆனா மை மங்கி, அச்சோட மேடு நசுங்கி, காகிதத்தோட மொடமொடப்பே போயிருக்கும். அதை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா கிரேடர் கண்டுபிடிச்சுடுவார். 'ஈபிக்யூ' அங்கேயே போச்சு.

தாத்தா மடிச்சு வச்ச மடிப்பு அப்படியே இருக்கட்டும். டேப் மட்டும் வேண்டாம்.