கப்யாஸமும் தாமரையும்

சாந்தோக்ய உபநிஷத்தின் முதல் ப்ரபாடகம் ஆறாம் கண்டத்தில், ஆதித்ய மண்டலத்தின் நடுவே விளங்கும் பொன்மயமான புருஷனுடைய திருக்கண்களுக்குப் புண்டரீகம் உபமானமாக ஓதப்படுகிறது. அதற்கு விசேஷணமாய் நிற்பது 'கப்யாஸம்' என்னும் பதம். தாமரை ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் எதனைக் குறிக்கிறது என்பதை ஆராய்வார்க்கு இப்பதமே முதற்படி.

'கபி' என்பது குரங்கு, 'ஆஸம்' என்பது அது அமரும் பின்பகுதி என்று கொள்வது ஒரு நிர்வாகம். ஸ்ரீசங்கரர் இப்பொருளைக் கொண்டாரெனினும், அது தாமரைக்கே உவமை, திருக்கண்களுக்கு நேரே உவமையன்று. ஆகையால் இழிவில்லை என்று ஸமாதானமும் அருளினார். யாதவப்ரகாசர் இப்பொருளை உரைத்தபோது, அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இளையாழ்வாரின் கண்ணீர் அவர் தொடைமேல் வெம்மையுடன் விழுந்தது என்று குருபரம்பரா க்ரந்தங்கள் கூறும்.

நீரைப் பருகுகையால் ஆதித்யன் கபி. அவனால் மலர்த்தப்பட்டது கப்யாஸம் என்பது இளையாழ்வார் அருளிய பொருள். அவரே எம்பெருமானாராய் விளங்கிய காலத்தில், ஆழ்ந்த நீரில் தோன்றி, செவ்விய தண்டின்மேல் நின்று, கதிரவன் கிரணங்களால் அலர்ந்த தாமரை என்று வேதார்த்தஸங்க்ரஹத்தில் விவரித்தார். இவை பூர்வாசார்யரான வாக்யகாரர் வழிவந்த பொருள்களே என்பதை ஸுதர்சனஸூரி தாத்பர்யதீபிகையில் காட்டுவர். முன்னைய நிர்வாகத்தில் உவமைக்குப் பொதுத்தன்மை நிறம் ஒன்றே. இங்கோ நீரோடும் கதிரோடும் பிரியாத ஸம்பந்தமுடைய மலரே உபமானம்.

இந்த ஸம்பந்தம் அருளிச்செயலிலும் காணக்கிடைக்கிறது. பெருமாள் திருமொழியில் வித்துவக்கோட்டம்மானைப் பாடுமிடத்து, வேறெந்த வெம்மைக்கும் இசையாது கதிரவனுக்கே மலரும் தாமரையைத் தம் நெஞ்சுக்கு உவமையாக்குகிறார் குலசேகராழ்வார். அங்கே எம்பெருமான் ஆதித்யன்; சேதனன் தாமரை. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் மேலும் ஒருபடி செல்கிறார். நீரைப் பிரிந்த தாமரையை, மலர்த்திய கதிரவனே உலர்த்திவிடுவான். ஆசார்ய ஸம்பந்தம் நீங்கியவனுக்கு ஈச்வரனும் அத்தகையனே என்பது அவர் திருவுள்ளம். ஆகவே நீரின் ஸ்தானத்தில் நிற்பது ஆசார்ய ஸம்பந்தம்.

ஓர் ஆசிரியரோடு மாறுபட்டு நிலைநாட்டப்பட்ட தாமரை, ஆசார்ய ஸம்பந்தத்திற்கே அடையாளமாயிற்று. இதில் முரண் இல்லை. பிற்காலத்தில் யாதவப்ரகாசரும் எம்பெருமானார் திருவடிகளை ஆச்ரயித்து, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்றார் என்பது ஐதிஹ்யம்.