ஒலிவாங்கியும் பாடுவோர் குரலும்: கிளிவெட்டியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

தமிழில் நாட்டார் பாடல் ஆய்வு நெடுங்காலமாக ஏட்டையும் அச்சையும் சார்ந்தே வளர்ந்து வந்துள்ளது. பாடல்கள் திரட்டப்பட்டன, தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல் என வகைப்படுத்தப்பட்டன, சொல்லும் பொருளும் ஆராயப்பட்டன. ஆயின், அச்சொற்களைத் தாங்கிவந்த குரல் ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்பட்டது அரிது. குரலைப் பதிவு செய்வதற்கு எத்தகைய ஒலிவாங்கியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்ற வினா, தொழினுட்பவியலாளர்க்கே உரியதெனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது.

இக்கட்டுரையில் அவ்வினாவையே நாம் எடுத்துக்கொள்கிறோம். திருகோணமலை மாவட்டத்தின் கிளிவெட்டியிலே முதியோர் பாடும் பாடல்களைப் பதிவு செய்ய முனையும் ஒருவர், கலையகங்களிற் பயன்படும் கொன்டென்சர் ஒலிவாங்கியைத் தெரிவு செய்வதா, செய்வதாயின் அவ்வினத்துள் எதனைத் தெரிவு செய்வது என்பதே வினா. கருவிகள் வானத்திலிருந்து வீழ்வனவல்ல. ஒவ்வொரு கருவியும் குறிப்பிட்ட சமூகத் தேவைக்காக, குறிப்பிட்ட உற்பத்திச் சூழலில் ஆக்கப்படுகின்றது. அத்தேவையின் சுவடு கருவியின் அமைப்பிலேயே படிந்துள்ளது. எனவே ஒலிவாங்கித் தெரிவு என்பது, எவர் குரல் எவ்வாறு கேட்கப்படல் வேண்டும் என்பது பற்றிய தெரிவுமாகும்.

2

ஒலிப்பதிவின் முதற்கட்டத்தில் ஒலிவாங்கி என்பதொன்று இருக்கவில்லை. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் இந்தியப் பாடல்களைப் பதிவு செய்தபொழுது, பாடுவோர் அகன்ற கூம்புக் குழாயொன்றினுள் உரத்துப் பாடினர். குரலின் வலுவே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறிற்று. ஆதலின் மெல்லிய குரல்கள் அக்கருவியின் முன் இல்லாதனவே ஆயின. இவ்வரையறை அக்கால நாடக மேடையின் நியதியோடு பொருந்தியே இருந்தது. ஒலிபெருக்கியற்ற கொட்டகையிற் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உயர்ந்த கட்டையிற் பாடவல்லோரே அங்கு புகழ் பெற்றனர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பு வரை வந்து பெற்ற வரவேற்பு, அவ்வலிய குரலுக்குக் கிடைத்த வரவேற்பே எனலாம்.

இந்நிலையை மாற்றியது மின்வழி ஒலிப்பதிவு. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த இ. சி. வென்ட் 1916இல் கொன்டென்சர் ஒலிவாங்கியை உருவாக்கினார். இதன் தத்துவம் எளியது. மிக மெல்லிய தகடொன்று, அசையாத பின்தகடொன்றின் முன்னே மயிரிழை இடைவெளியில் இழுத்துக் கட்டப்படுகின்றது. இரண்டும் சேர்ந்து ஒரு மின் கொள்ளளவியாகின்றன. ஒலியலை பட்டு மென்தகடு அசையுந்தோறும் இடைவெளி மாறுகின்றது. அதனோடு மின்னழுத்தமும் மாறுகின்றது. அசைய வேண்டிய பொருள் மிக இலேசானதாதலால், மூச்சின் ஓசை, உதட்டின் அசைவு, எழுத்தொலியின் நுண்ணிய விளிம்பு ஆகியனவும் பதிவாகின்றன. டைனமிக் ஒலிவாங்கியிலோ மென்தகடு தன்னோடு கம்பிச் சுருளொன்றையும் சுமந்து அசைய வேண்டியுள்ளது. அதனால் அது உறுதி மிக்கதாயினும் நுண்மை குறைந்தது.

1925இல் மின்வழி ஒலிப்பதிவு வணிகமாகியது. 1928இல் பெர்லினில் கியோர்க் நொய்மன் தொடங்கிய நிறுவனம் கொன்டென்சர் ஒலிவாங்கிகளைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. அந்நிறுவனத்தின் யு 47 (1949), யு 87 (1967) ஆகியனவும், வியன்னாவின் ஏகேஜி நிறுவனத்தின் சி 12 (1953) என்பதும் உலகெங்கும் கலையகக் குரலின் அளவுகோல்களாயின. இவற்றின் முன் பாடுவோர் உரத்துப் பாட வேண்டியதில்லை. காதருகே பேசுவது போன்ற மென்குரல் அழகியற் பெறுமதி பெற்றது.

தமிழில் இம்மாற்றம் திரைப்படத்தின் வழியே நிகழ்ந்தது. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதற் பேசும்படம். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' தமிழிற் பின்னணி பாடும் முறையைத் தொடக்கிவைத்த படமெனக் குறிப்பிடப்படுவது வழக்கம். நடிப்போர் உடலும் பாடுவோர் குரலும் பிரிந்த பின்னர், குரல் தனக்கென ஓர் அறையையும் ஒரு கருவியையும் பெற்றது. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா ஆகியோரின் மேடைக்குரல் மரபிலிருந்து ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மென்குரலுக்கு வந்து சேர்ந்த வழியைத் தனிமனித ஆற்றலால் மட்டும் விளக்கிவிட முடியாது. அவ்வழியின் நடுவில் ஒலிவாங்கி நிற்கின்றது.

இலங்கையில் இக்குரலைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது வானொலி. கொழும்பில் 1925 டிசம்பரிற் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் இலங்கை வானொலியாயிற்று. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு கடல் கடந்தும் செல்வாக்குப் பெற்றது. வயலிற் பாடியவர் வீட்டில் வானொலி கேட்பவரானார். பாடுவது தகுதி பெற்றவர் தொழில், கேட்பது மக்கள் தொழில் என்ற பிரிவினை வலுப்பெற்றது. வானொலி வெறும் விநியோகக் கருவியாக அமையாது கேட்போரையும் பேச வைக்கும் கருவியாதல் வேண்டுமென பேர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வலியுறுத்தியமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

3

கொட்டியாரக் குடாவின் தெற்கே, மூதூர்ப் பகுதியின் வயல் சூழ்ந்த கிராமம் கிளிவெட்டி. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் சிறைபிடிக்கப்பட்டது இக்கொட்டியாரத்திலேயே. பிரித்தானியக் கடற்படை 1957 வரை திருகோணமலைத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது. 1980கள் முதல் 2013 வரை ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி இம்மாவட்டத்தில் அஞ்சல் நிலையமொன்றை நடத்தி ஆசியாவுக்குக் குரல் அனுப்பிற்று. உலகின் குரல்கள் புகுந்து வெளியேறும் வாயிலாக அமைந்த இம்மாவட்டத்தில், அதன் உழவரின் குரல் அவ்வாயிலினூடே சென்றதா என்ற வினா எழுகின்றது.

கிழக்கிலங்கையின் வாய்மொழி மரபு வளமானது. சூடு மிதிக்குங்காற் பாடப்பட்ட பொலிப்பாட்டு, கண்ணகி கோயில்களிற் படிக்கப்படும் வழக்குரை, வசந்தன், கூத்து, ஒப்பாரி ஆகியன அவற்றுட் சில. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழு கூத்துக்களை அச்சேற்றியது. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. இப்பணிகளின் பெறுமதி பெரிது. எனினும் அச்சு, குரலின் சொல்லை மட்டுமே காக்க வல்லது. உழவியந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பின்னர் பொலிப்பாட்டின் பொருளாதார அடிப்படை மறைந்தது. பாடல் இன்று ஏட்டில் உண்டு. பாடும் முறையோ முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே உண்டு.

ஒலி இழக்கப்பட்டால் விளைவு யாது என்பதற்குத் தமிழில் ஒரு பெருஞ் சான்று உளது. திருகோணமலையிலும் கல்விப்பணி புரிந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழை மீட்கும் பொருட்டுப் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். செய்யுளும் உரையும் எஞ்சியிருந்தன, ஒலி எஞ்சவில்லை. எனவே அவர் கணக்கின் துணைகொண்டே சுரங்களை நிறுவ வேண்டியதாயிற்று.

மறுதலையான சான்றும் உண்டு. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூல், மில்மன் பரி, அல்பேர்ட் லோர்ட் ஆகியோரின் வாய்மொழிப் பாடற் கோட்பாட்டைத் துணைக்கொண்டது. பரி அக்கோட்பாட்டை உறுதிசெய்தது 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவின் கிராமப் பாடகரைப் பதிவு செய்தமையாலேயே. இடையறாது பதிவு செய்வதற்கென அவர் இரட்டைச் சுழல்தட்டுக் கருவியொன்றைச் சிறப்பாகச் செய்வித்துக்கொண்டார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட அலுமினியத் தட்டுக்கள் நிறைந்தன. வணிக இசைத்தட்டு மூன்று, நான்கு நிமிடங்களிற் பாடலை வெட்டிய காலத்தில், பாடகரின் மூச்சுக்கேற்பக் கருவியை மாற்றியமைத்தார் பரி. சங்கப் பாடல் பற்றிய நமது சிந்தனையை மாற்றிய நூலொன்றின் பின்னணியில் இத்தகைய கருவித் தெரிவொன்று இருந்ததென்பது குறிப்பிடத்தக்கது.

4

இவ்வரலாற்றின் ஒளியிற் கிளிவெட்டிக்குரிய தெரிவை நோக்குவோம்.

முதலாவது, திசை. கலையகக் கொன்டென்சர் பெரும்பாலும் முன்னிருந்து வரும் ஒலியை ஏற்றுப் பின்னிருந்து வருவதைத் தள்ளும் இயல்பினது. தனிப் பாடகரை உலகிலிருந்து பிரித்தெடுக்கும் கலையகத்துக்கு இது பொருந்தும். ஆனால் பொலிப்பாட்டிலும் கூத்திலும் முன்னிற்பவர் அடி எடுத்துக் கொடுக்க, பின்னிற்போர் ஏற்றுப் பாடுவர். கருவி தள்ளிவிடும் பின்புறத்திலேயே கூட்டுக்குரல் நிற்கின்றது! எனவே கூட்டுப் பாடலுக்கு எத்திசை ஒலியையும் ஏற்கும் கொன்டென்சரோ, சிறுதகட்டுக் கொன்டென்சர் இரண்டை இணைத்து வைப்பதோ ஏற்றது. ஒருவர் தனித்துப் பாடும் ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள பெருந்தகட்டுக் கொன்டென்சர் தகும். அதனை ஒரு சாண் அளவுக்கேனும் விலக்கி வைத்தல் வேண்டும். மிக நெருங்கினால் ஒருதிசை ஒலிவாங்கி அடிக்குரலை மிகைப்படுத்தி, முதியவளின் குரலை வானொலி அறிவிப்பாளரின் குரலாக்கிவிடும்.

இரண்டாவது, விலையும் பெறுமதியும். கருவியின் உள்ளிரைச்சல் 5 டெசிபெல் என விளம்பரம் செய்யப்படும் ஒலிவாங்கிகள் இன்று உள்ளன. அமைதியான இரவிலும் சாதாரண வீடொன்றின் பின்னணி ஓசை 20, 30 டெசிபெல்லைத் தாண்டும். 5க்கும் 15க்கும் இடையிலான வேறுபாட்டுக்குப் பணம் கொடுப்பதிலும், மின்விசிறியை நிறுத்தி, சுவரிற் பாயையும் துணியையும் தொங்கவிடுவதில் பயன் அதிகம். மேலும், மலிவு விலைக் கொன்டென்சர் பல யு 87இன் ஒலியுறையைப் பார்த்துச் செய்தவை. மூலக் கருவியின் மின்சுற்று அவ்வுறையின் உச்ச ஓசை மிகையைத் தணிக்கும். பிரதிகள் பலவற்றில் அத்தணிப்பு இல்லை. அதனால் சகரமும் மூச்சும் கூர்மையாகிக் காதை உறுத்தும். சந்தை இங்கு விற்பது கருவியின் தோற்றத்தையே. வாங்குமுன், மென்மையான இளங்குரலிலன்றி, நாம் பதிவு செய்யவுள்ள முதிர்ந்த குரலிலே சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, நிலமும் காலமும். கொன்டென்சருக்கு 48 வோல்ற்று மின்னூட்டம் வேண்டும். மின்கலத்தில் இயங்கி அவ்வூட்டத்தைத் தானே வழங்கும் கையடக்கப் பதிவுக்கருவி கிராமத்துக்கு உகந்தது. ஈரம் கொன்டென்சரின் பகை. தகடுகளிடையே ஈரம் படிந்தால் மின் கசிந்து வெடியொலி தோன்றும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், காற்றுப் புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டுக் காப்பது அவசியம். அங்கு திறந்தவெளியில், மத்தளத்தின் அருகே, டைனமிக் ஒலிவாங்கியே நம்பத்தக்கது. 'கலையகத் தரம்' என்ற சொல்லுக்கு மயங்கி அதனை இழிவாகக் கருதுதல் தவறு.

இவ்வாறு கூறுவதால் கொன்டென்சரைக் கலையக வர்த்தகத்தின் கருவியென்று நாம் ஒதுக்கிவிடவில்லை. அத்தகைய முடிவு யாந்திரிகமானது. கூம்புக் குழாயும் கொட்டகை மேடையும் ஏற்க மறுத்த தளர்ந்த குரலை, பல் விழுந்த வாயின் மெல்லோசையை, விம்மலுக்கும் பாடலுக்கும் இடைப்பட்ட மூச்சை முதன்முதல் முழுமையாகக் கேட்க வல்லதாக அமைந்ததும் இக்கருவியே. கூட்டுக்குரலை ஒதுக்கிய கருவியே ஒதுக்கப்பட்ட தனிக்குரலுக்குச் செவியுமாகின்றது. இதுவே அதன் உள்முரண். 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய எலெக்ட்ரெட் முறை கொன்டென்சரை மலிவாக்கிற்று. ஒரு காலத்தில் ஒலிபரப்பு நிலையங்களுக்கே உரியதாயிருந்த கருவி இன்று கிராமத்து வாசகசாலையின் கைக்கும் எட்டியுள்ளது. இப்புதிய நிலைமையை எவர் நலனுக்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

5

கிளிவெட்டியில் இக்கேள்வி வெறும் கல்விசார் கேள்வியன்று. 1985 ஜூனில் இக்கிராமத்திலும், 1996 பெப்ரவரி 11இல் அயலிலுள்ள குமாரபுரத்திலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். குமாரபுர வழக்கில் எதிரிகள் அறுவரும் 2016இல் விடுவிக்கப்பட்டனர். 2006இற் சம்பூரிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பல கிளிவெட்டித் தற்காலிக முகாமில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. ஊர் பெயர்ந்தோர் எடுத்துச் செல்லக்கூடிய உடைமைகளுள் பாடலும் ஒன்று. நீதிமன்ற ஏட்டில் இடம்பெறாத துயரம் ஒப்பாரியில் இடம்பெறுகின்றது. அவ்வொப்பாரி, பாடுபவளோடு மறைந்து போகக்கூடியது.

ஆதலின் பதிவு செய்வோரின் பொறுப்பு கருவித் தெரிவோடு முடிவதில்லை. பாடுபவரின் இசைவு பெறுதல் வேண்டும்; துயரத்தைப் பாடுமாறு வற்புறுத்தலாகாது. பதிவின் படியொன்று அக்கிராமத்திலேயே, அம்மக்களின் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகப் பேழையில் மட்டும் பூட்டப்படும் குரல், பழைய ஏட்டுச் சேகரிப்பின் புதிய வடிவமேயாகும். மூலப்பதிவைச் 'சுத்தம்' செய்து, கோழியின் ஓசையையும் பேரக்குழந்தையின் குறுக்கீட்டையும் அழித்தலும் கூடாது. அவை அப்பாடலின் சமூகச் சூழலைச் சார்ந்தவை.

எனவே, ஒலிவாங்கியைத் தெரிவு செய்யுமுன் எவருடைய குரல், எவரோடு சேர்ந்து, எவ்விடத்தில், எவருக்காக ஒலிக்கின்றது என்ற வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். அவ்விடைகளே கருவியைத் தெரிவு செய்யும். கிளிவெட்டியில் இன்று பாடக்கூடிய முதியோர் நமது ஆய்வுத் திட்டங்களின் வசதிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அவர்கள் இருக்கும்போதே, கிடைக்கும் நல்ல ஒலிவாங்கியோடு அவர்கள் முற்றத்துக்குச் செல்வது தமிழாய்வின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.