ஸ்குட்டாரி வைத்தியசாலை

கையில் விளக்கேந்தி இரவிலே நோயாளரிடையே உலவிய மாதரசியென்று புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1855ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலண்டன் பத்திரிகையொன்று வெளியிட்ட சித்திரம் அவ்வெண்ணத்தை நிலைநாட்டியது. சித்திரத்தில் அம்மையார் ஒருவரே விளங்குகின்றார். ஸ்குட்டாரியில் நிகழ்ந்ததோ பலர் கூடியும் கூடாமலும் செய்த வேலையின் வரலாறு.

கிறீமியாப் போரிற் காயமுற்றோரும் நோயுற்றோரும் கருங்கடலைக் கடந்து, கொன்ஸ்தாந்தினோப்பிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். துருக்கியப் படைவீடொன்றே அங்கு வைத்தியசாலையாயிற்று. வைத்தியர் ஓர் அதிகாரத்தின் கீழும், பண்டசாலையார் இன்னொன்றின் கீழும், படைக்கு உணவு சேகரிப்போர் வேறொன்றின் கீழும் இருந்தனர். நோயாளிக்குச் சட்டை வேண்டுமென்று வைத்தியர் கேட்டால், போர்வீரன் தன் மூட்டையிலே சட்டை கொண்டுவர வேண்டுமென்பது விதி என்பார் பண்டசாலையதிகாரி. அம்மூட்டைகளைக் கிறீமியாக் கரையில் விட்டுச் செல்லுமாறு கட்டளையிட்டவர்களோ படைத்தலைவர்கள். ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படியே ஒழுகினர். நோயாளி மட்டும் இரத்தந் தோய்ந்த கந்தையோடு கிடந்தான்.

1854ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி அம்மையார் 38 தாதியரோடு அங்கு வந்திறங்கினார். வைத்தியர் பலர் அவர்களை விரும்பவில்லை. அம்மையார் வாதாடினாரல்லர். வைத்தியர் அழைத்தாலன்றி ஒரு தாதியேனும் நோயாளர் கூடத்துட் புகலாகாதென்று தடுத்துவைத்தார். நோயாளர் துன்புறத் தாதியர் தலையணை தைத்துக்கொண்டிருப்பது கொடுமையாகவே தோன்றியிருக்கும். ஆயினும் வைத்தியரின் நம்பிக்கையைப் பெறாத தாதியாற் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். சில நாட்களுள் பலக்கிளாவா, இங்கர்மன் போர்க்களங்களிலிருந்து காயமுற்றோர் வெள்ளம்போல் வந்து நிறைந்தனர். வைத்தியர் தாமாகவே தாதியரை அழைத்தனர்.

சமையலின் நிலையை நோக்குக. ஒவ்வொரு கூட்டத்தாரின் இறைச்சியும் அடையாளம் கட்டப்பட்டுப் பெருங்கொப்பரைகளிலே வெந்தது. சில துண்டுகள் பச்சையாகவே வெளிவந்தன. ஏவலாளர் அதைப் பங்கிட்டு முடிப்பதற்குள் ஆறிவிடும். பலவீனமுற்றோர் அதை எவ்வாறு உண்பர்? அம்மையார் தனிச் சமையலறைகளை அமைத்துக் கஞ்சியும் சாறும் ஆக்குவித்தார். அவற்றையும் வைத்தியரின் எழுத்துக் கட்டளையின்றி வழங்கவில்லை. வைத்தியர் எழுத, சமையலறை ஆக்க, தாதி ஊட்ட, நோயாளி வேளைக்குச் சூடாக உண்டான்.

இத்துணையும் செய்தும் அம்மாரிகாலத்தில் மரணம் பெருகிற்று. 1855 பெப்ரவரியில் இறந்தோர் நூற்றுக்கு 42 அளவினர். கட்டடத்தின் கீழே அடைபட்டு நாறிய சாக்கடைகளைச் சீர்செய்வது எவருடைய கடமையுமன்றாயிற்று. மார்ச்சு மாதத்திலே சதர்லாந்து என்னும் வைத்தியரும் இறோலின்சன் என்னும் பொறியியலாளரும் அடங்கிய சுகாதார ஆணைக்குழு வந்தது. அவர்கள் சாக்கடைகளைக் கழுவுவித்தனர், சுவர்களுக்கு வெள்ளையடிப்பித்தனர், 500க்கு மேற்பட்ட கைவண்டிக் குப்பைகளை அகற்றுவித்தனர். ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு 2 அளவிற்கு இறங்கியது.

1856இல் தாயகம் மீண்ட அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞரோடமர்ந்து இக்கணக்குகளை ஆராய்ந்தார். தாம் இரவும் பகலும் உழைத்த கூடங்களிலே நோயாளரை மாய்த்தது பெரும்பாலும் போர்க்காயமன்று, காற்றோட்டமின்மையும் அழுக்குமே என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1858இல் அவர் வெளியிட்ட வண்ண வரைபடங்கள் காட்டுவன இவ்வுண்மையையே.