ஒரு வரிக் காவலின் பயணம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வண்டி மலையேற வேண்டும். மேலே, காப்பித் தோட்டத்தில் நிற்பவர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் அப்படி ஒரு சாவடி உண்டு. பெயர் ஆக்சஸ்_ஓகே.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். 32 பிட் கணினியில் நினைவக முகவரிகளைப் பங்கிடும்போது கீழ் 3 ஜிபி செயலிகளுக்கு, மேல் 1 ஜிபி கெர்னலுக்கு என்பது வழக்கம். மேலே இருக்கும் கெர்னலுக்கு எங்கும் எழுத உரிமை உண்டு. ஒரு செயலி, விடையை எழுதச் சொல்லிக் கெர்னலின் முகவரியையே நீட்டினால்? பார்க்காமல் எழுதினால், சாதாரணப் பயனர் கணினிக்கே எஜமானர் ஆகிவிடலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸின் முதல் பதிப்பிலேயே இதைத் தடுக்கும் காவல் பிறந்தது, வெரிஃபை_ஏரியா என்ற பெயரில். அன்றைய 386 சிப், எழுதக்கூடாத நினைவகப் பக்கத்தில் கெர்னல் எழுதினால் தடுக்காது. அதனால் மென்பொருளே பக்கம் பக்கமாகப் பார்த்தது, நேரம் கரைந்தது. 1996இல், 2.1 வரிசையில் வேலை பிரிந்தது. முகவரி செயலியின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் ஆக்சஸ்_ஓகே பார்க்கும். மற்றதைச் சிப் கவனித்துக்கொள்ளும்.

காவல் எளிதானது, அதை மறப்பதும் எளிதானது. 2006இல் வந்த 2.6.17 பதிப்பில், செயலிகள் கெர்னலை அழைக்கும் வழிகளில் ஒன்றான விஎம்ஸ்ப்ளைஸ் பாதையில் இந்தச் சோதனை இல்லை. 2008 பிப்ரவரியில்தான் அடைபட்டது. 2017இல் வெயிட்ஐடி என்ற இன்னொரு பாதையில் தகவல் எழுதும் முறையை மாற்றியபோது சோதனை விடுபட்டு, 4.13 பதிப்பு அப்படியே வெளிவந்தது. கெர்னல் நிரலாளர் கீஸ் குக் எழுதிய திருத்தம் சில வரிகள்தான். புது உத்தி எதுவும் தேவைப்படவில்லை. விட்ட இடத்தில் காவலைத் திரும்ப நிறுத்தினால் போதுமாயிருந்தது.

லினக்ஸில் 386க்கான ஆதரவு 2012இல் நின்றது. படிக்கவா எழுதவா என்று ஆக்சஸ்_ஓகே கேட்டுவந்த பழைய கேள்வியும் 2019இல், 5.0 பதிப்பில் நீங்கியது. சாவடிக் கம்பத்தைத் தற்காலிகமாகத் தூக்கிவிட உதவிய செட்_எஃப்எஸ் என்ற வசதி, 2022இல் 5.18 பதிப்போடு முற்றிலும் போனது.

ஒரு பாதை திறந்திருந்தால் மற்ற எல்லாச் சாவடிகளும் வீண். யாரோ கண்டுபிடித்து அடைத்த பாதை, உங்கள் கைபேசியில் இன்னும் திறந்தே இருக்கலாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள், அன்றே நிறுவிவிடுங்கள்.