எக்ஸ்.என்.ஏ. (செயற்கை மரபு மூலக்கூறுகள்)

டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் போலக் காரங்களின் வரிசையாக மரபுச் செய்தியைத் தாங்கவல்ல, ஆனால் வேறொரு தண்டின்மேல் கட்டப்பட்ட செயற்கை மூலக்கூறுகள் எக்ஸ்.என்.ஏ. எனப்படும். இயற்கையான நியூக்ளிக் அமிலத்தின் ஒவ்வோர் அலகிலும் ஐந்து கார்பன் சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் காரம் என மூன்று உறுப்புகள் உண்டு. சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோக்கப்பட்டுத் தண்டாகின்றன. எழுத்துகளாக நிற்பவை காரங்கள். எக்ஸ்.என்.ஏ.வில் மாறுவது தண்டு மட்டுமே. புதிய காரங்களைப் புகுத்தி எழுத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டும் முறைகள் டி.என்.ஏ.வின் விரிவாக்கமே தவிர அதற்கு மாற்று ஆகா என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை. எக்ஸ்.என்.ஏ. என்ற பெயரை 2009இல் பீட் ஹெர்டெவெய்னும் பிலிப் மார்லியேரும் முன்வைத்தனர்.

தொடக்கமும் எஷன்மோசரின் ஆய்வும்

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வேதியியலர் ஆல்பர்ட் எஷன்மோசர் (1925–2023). அமெரிக்கரான ராபர்ட் உட்வர்டுடன் சேர்ந்து 1972இல் வைட்டமின் பி12ஐ ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டியவர் அவர். அதன் பின் சூரிக் நகரில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, பார்வைக்கு எளியது: உயிர்கள் ஐந்து கார்பன் சர்க்கரையை ஏன் தேர்ந்தன? குளுக்கோஸ் போன்ற ஆறு கார்பன் சர்க்கரைகளும் இருக்கும்போது அவை ஏன் விலக்கப்பட்டன? இதற்கு விடை காண, விலக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதே வழி என்று அவர் முடிவு செய்தார்.

முதலில் வந்தது ஹோமோ-டி.என்.ஏ. குளுக்கோஸ் வகைச் சர்க்கரையிலிருந்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை நீக்கி, எஞ்சிய ஆறணு வளையத்தைக் கொண்டு இதன் தண்டு அமைக்கப்பட்டது. 1992இல் வெளியான முடிவுகள் வியப்பூட்டின. இதன் இரு இழைகளும் டி.என்.ஏ.வின் இழைகளைவிட வலுவாகப் பிணைந்தன. முறுக்கு மிகக் குறைவு, டி.என்.ஏ. முறுக்கிய ஏணி என்றால் இது ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும் ஏணி. இதன் காரங்களில் அடினின், தைமினோடு மட்டுமன்றி இன்னோர் அடினினோடும், குவானின் இன்னொரு குவானினோடும் இணை சேர்ந்தன. ஆனால் டி.என்.ஏ. இழையோடு ஹோமோ-டி.என்.ஏ. இணையவே இல்லை. ஹைட்ராக்சில் தொகுதிகளை நீக்காமல் முழுமையான ஆறு கார்பன் சர்க்கரைகளைப் பயன்படுத்தியபோதோ, இடநெருக்கடியால் இழைகள் சரியாகப் பொருந்தாமல் போயின. இயற்கை அவற்றை விலக்கியதற்கு இது காரணமாக இருக்கலாம்.

அடுத்து வந்த பைரனோசில்-ஆர்.என்.ஏ. இன்னும் நுட்பமானது. இதன் சர்க்கரை ஆர்.என்.ஏ.வில் உள்ள அதே ரைபோஸ்தான். ஐந்தணு வளையமாக இருப்பதற்குப் பதில் ஆறணு வளையமாக மூடியிருந்தது, அவ்வளவே. அந்த ஒரே மாற்றத்தால் இணைசேர்க்கை ஆர்.என்.ஏ.வைவிட வலுவாயிற்று. இதிலிருந்து எஷன்மோசர் வந்த முடிவு முக்கியமானது: இணைசேர்க்கையின் உச்சவலிமை இயற்கையின் அளவுகோல் அன்று, தேவையான அளவு வலிமையே அளவுகோல். படியெடுக்கப்பட வேண்டிய இழைகள் பிரியவும் வேண்டுமல்லவா?

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில், ராமநாராயணன் கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்ட குழுவோடு அவர் திரியோஸ் நியூக்ளிக் அமிலத்தை அறிவித்தார். இதன் சர்க்கரையான திரியோஸில் நான்கே கார்பன்கள். அதனால் தண்டின் ஒவ்வோர் அலகும் டி.என்.ஏ.வினுடையதைவிட ஓர் அணு குட்டை. இருந்தும் இது தன்னோடும், டி.என்.ஏ.வோடும், ஆர்.என்.ஏ.வோடும் ஒழுங்காக இணை சேர்கிறது. இரண்டு கார்பன் துண்டுகள் இரண்டைச் சேர்த்தாலே திரியோஸ் கிடைத்துவிடும் என்பதால், ஆர்.என்.ஏ.வுக்கு முந்திய மரபு மூலக்கூறாக இது இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது; ஆனால் அது உறுதியாகவில்லை.

இதற்கிடையே 1991இல் கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சன், மைக்கேல் எக்ஹோம், ரால்ஃப் பெர்க், ஓலே புக்ஹார்ட் ஆகியோர் பெப்டைடு நியூக்ளிக் அமிலத்தை உருவாக்கினர். இதில் சர்க்கரையும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. புரதத்தில் உள்ளது போன்ற அமைடு பிணைப்புகளால் தண்டு ஆனது. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுபவை. பெப்டைடு நியூக்ளிக் அமிலத்தின் தண்டுக்கு மின்சுமை இல்லாததால் அது டி.என்.ஏ. இழையை இறுகப் பற்றுகிறது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளோ நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதிகளோ இதைத் தீண்டுவதில்லை.

ஹெர்டெவெய்ன் பெல்ஜியத்தின் லூவென் நகரில் ஹெக்ஸிடால் நியூக்ளிக் அமிலத்தையும் சைக்ளோஹெக்சீன் வகையையும் உருவாக்கினார். சர்க்கரையை ஒரு பாலத்தால் பூட்டிய வகையை 1990களின் இறுதியில் ஜப்பானின் தாகேஷி இமானிஷியும் டென்மார்க்கின் யெஸ்பர் வெங்கெலும் தனித்தனியே செய்தனர்.

நொதிகளும் மரபும்

இணை சேர்வது மட்டும் மரபு ஆகாது, படியெடுக்கவும் வேண்டும். படியெடுக்கும் வேலையைச் செய்யும் இயற்கையின் பாலிமரேஸ் நொதிகள் அன்னியத் தண்டுகளை எளிதில் ஏற்பதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் விட்டோர் பின்ஹெய்ரோ, பிலிப் ஹோலிகர் குழுவினர், கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் வாழும் தெர்மோகாக்கஸ் என்ற நுண்ணுயிரின் பாலிமரேஸை எடுத்து, அதன் மாற்றுருக்கள் பலவற்றிலிருந்து வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு நொதி டி.என்.ஏ.வைப் பார்த்து எக்ஸ்.என்.ஏ.வை எழுதியது, இன்னொன்று அதைத் திரும்ப டி.என்.ஏ.வாக எழுதியது. 2012இல் ஆறு வகை எக்ஸ்.என்.ஏ.க்களில் இதை நிகழ்த்திக் காட்டினர். ஹெக்ஸிடால் வகையில் பலசுற்றுத் தேர்வு நடத்தி, எச்.ஐ.வி.யின் ஓர் ஆர்.என்.ஏ. துண்டையும் கோழிமுட்டை லைசோசைமையும் பற்றும் மூலக்கூறுகளை அடைந்தனர். மரபும் பரிணாமமும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.க்கு மட்டுமே உரிய பண்புகள் அல்ல என்பது அத்துடன் நிலைநாட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், ஆர்.என்.ஏ.வை வெட்டும் எக்ஸ்.என்.ஏ. வினையூக்கிகளும் அதே ஆய்வகத்திலிருந்து வந்தன.

இன்றைய நிலை

தண்டு மாற்றிய நியூக்ளிக் அமிலங்கள் மருந்தாகவும் நோயறி கருவிகளிலும் பயன்படுகின்றன. மார்ஃபோலினோ தண்டு கொண்ட எட்டெப்லிர்சென், டுஷேன் தசைச்சிதைவு நோய்க்காக 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தன் மரபுத்தொகுதி முழுவதையும் எக்ஸ்.என்.ஏ.வில் வைத்திருக்கும் உயிரணு இன்னும் உருவாக்கப்படவில்லை.