மாத்தளைக் கிளர்ச்சி (1848)

பிரித்தானிய ஆட்சியின் வரிக்கொள்கையை எதிர்த்து 1848 யூலையில் இலங்கையின் மலைநாட்டில் எழுந்த குடியானவர் கிளர்ச்சி. மாத்தளை, தம்புள்ளை, குருநாகல் ஆகியவை இதன் முக்கிய களங்கள்.  மாத்தளைக்குக் கிழக்கே உள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்துக்கு அரணாக நின்றது. 1815இல் அந்த இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது.

மலைநாட்டை ஆள்வதற்கான செலவை ஈடுசெய்யும் வழியாகக் கோப்பி வந்தது. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை ஆக்கியது. தலைமுறைகளாகச் சேனை வெட்டிய ஊரவரிடம் காட்டுவதற்கு உறுதி ஏது? அந்த நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குத் தோட்டக்காரர் கைக்குப் போனது. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தனர். தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1847இல் கோப்பி விலை சரிந்து அரச வருமானம் குறைந்தது. குடியேற்றநாடு தன் செலவைத் தானே தாங்க வேண்டும் என்பது இலண்டனின் நிலைப்பாடு. ஏற்றுமதித் தீர்வையை நீக்கி நேர்வரிக்கு மாறும்படி குடியேற்றச் செயலாளர் எமர்சன் டென்னன்ட் பரிந்துரைத்தார். தேசாதிபதி டொரிங்டன் கடைக்கும் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி விதித்தார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். சேனையில் பன்றி விரட்ட வைத்திருந்த பழைய துவக்குக்கும் காசு. கோப்பியால் ஒரு சதமும் காணாதவர்கள் தலையிலேயே அதன் நட்டம் விழுந்தது. இது வெளிப்படையான அநீதி.

1848 யூலை 28இல் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசராக முடிசூட்டப்பட்டார். மறுநாள் மற்றொரு தலைவரான வீர புரன் அப்புவும் கூட்டத்தாரும் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினர். கிளர்ச்சியாளர் ஒரு ஐரோப்பியரையும் கொல்லவில்லை. இருந்தும் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்த பிக்கு குடாபொல தேரர் காவியுடையிலேயே சுடப்பட்டார். எல்கடுவையில் பிடிபட்ட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு 1849இல் இறந்தார்.

இந்த அடக்குமுறையைப் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். வரிகளில் பல கைவிடப்பட்டன. காணி பறித்த சட்டம் நீடித்தது. 1897இன் தரிசுநிலச் சட்டம் அதன் பிடியை மேலும் இறுக்கியது.